வயசான ரொக் குழுவிடம் புதுப்பாட்டு எதிர்பார்க்கலாமா?

எதிர்பார்க்கலாம், ஆனால் இடைவெளி நீளும். 1962இல் தொடங்கிய ரோலிங் ஸ்டோன்ஸ், 2005க்குப் பிறகு சொந்தப் புதுப்பாட்டுகளோடு அல்பம் போட்டது 2023இல்தான். (2016இல் வந்தது மற்றவர்களின் பழைய புளூஸ் பாட்டுகள்.)

முதல் காரணம் காசு. இப்படியான குழுக்களுக்குப் பெரும் வருமானம் மேடையில்தான். அங்கே சனம் கேட்பது பழசை. முல்லைத்தீவில் கோவலன் கூத்துக்கு வருகிறவர்களும் கதை தெரிந்துதானே விடிய விடிய இருக்கிறார்கள்? தெரிந்த பாட்டொன்றை விட்டுப் பாருங்கள், கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரைச் சும்மா விடமாட்டார்கள். ரொக் மேடையிலும் புதுப்பாட்டு தொடங்கினால் பாதிப்பேர் தேத்தண்ணிக்கு எழும்பிவிடுவார்கள்.

அடுத்தது குரல். வயதோடு மேல்ஸ்தாயி எட்டாது. அதனால் பல குழுக்கள் கிற்றாரின் ஆறு கம்பிகளையும் அரைக்கட்டை (சுருதியில் ஒரு சிறு படி) இறக்கிச் சுருதி கூட்டுகின்றன. புதுப்பாட்டென்றால் தொடக்கத்திலேயே இப்போதைய குரலுக்கு அளவாக அமைக்கலாம். இருபது வயதுக் கூச்சல் மட்டும் திரும்ப வராது.

சுருதி இறக்குவதை, ஒலிப்பதிவுக்கு வாயசைப்பது என்று சிலர் நினைக்கிறார்கள். நேரடியாகப் பாடுவதால்தான் இறக்கவேண்டி வருகிறது.