ஜெனரேட்டரில் மட்டும் கார் சார்ஜ் ஏற மறுப்பது

சார்ஜரில் பழுது இருக்க வாய்ப்பு குறைவு. உங்கள் காட்பாடி வீட்டின் 15 ஆம்பியர் பிளக்கில் ஒழுங்காகச் சார்ஜ் ஏறும் மின்சாரக் கார், 5 கேவிஏ ஜெனரேட்டரில் செருகியதும் சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுவிடுகிறது என்றால், ஜெனரேட்டரின் நியூட்ரல் (மின்சாரம் திரும்பிச் செல்லும் கம்பி) எர்த்துடன் (மின்கசிவுக்கான பாதுகாப்புக் கம்பி) இணைக்கப்படாமல் இருப்பதே பெரும்பாலும் காரணம். மின்விசிறிக்கு அது பொருட்டில்லை; கார் சார்ஜரோ எர்த்தைச் சோதித்த பிறகே மின்சாரத்தை உள்ளே விடும்.

மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஜெனரேட்டர் சாக்கெட்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளந்து பாருங்கள். ஓரிரு வோல்ட்டுக்குப் பதிலாக 100 வோல்ட்டை ஒட்டி வந்தால் சந்தேகம் உறுதியாகும். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு ஜெனரேட்டரிலேயே இரண்டையும் இணைத்துக்கொள்ளலாம்.

அதே ஜெனரேட்டரை வீட்டு வயரிங்கிற்கும் கொடுப்பதாக இருந்தால், இந்த இணைப்பு இருக்கலாமா என்பதை அவரிடமே முதலில் கேட்டுவிடுங்கள். வேலூர் கத்திரி வெயிலில் சார்ஜரை 10 ஆம்பியருக்குக் குறைத்து வைப்பது ஜெனரேட்டருக்கு நல்லது.