சேர்விஸ் சான்றிதழ் இருந்தால் புளோரொளிர்வு பிளேற் றீடரை நம்பலாமா?

புளோரொளிர்வு பிளேற் றீடர் என்பது, சின்னக் குழிகள் கொண்ட பிளேற்றில் ஊற்றிய கரைசல்கள்மேல் ஒளி பாய்ச்சி, அவை திரும்ப விடும் ஒளிர்வை அளக்கும் கருவி. கொம்பனிக்காரர் சேர்விஸ் செய்து சான்றிதழும் தந்துவிட்டார், ஆனாலும் ஒளிப்பாதை நேராக இருக்கிறதா என்று நாமே சோதிக்க முடியுமா என்பது கேள்வி. முடியும். யாழ்ப்பாணத்தில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். நான் பட்டதிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் றீடரைச் சின்ன லொறியில் ஏற்றி வேறு கட்டடத்துக்கு மாற்றினோம். அதன் பிறகு இடப்பக்க நிரல்களில் அளவீடு குறைந்தே வந்தது. ஊற்றியவர் புதிதாகச் சேர்ந்த ஒரு தங்கச்சி. பிப்பெற்றில் கை இன்னும் பழகவில்லை என்று நாங்கள் முடிவு கட்டிவிட்டோம். அவரும் அதை நம்பி, இரண்டு கிழமை திரும்பத் திரும்ப ஊற்றினார். ஒருநாள் அதே பிளேற்றை 180 பாகை திருப்பி வைத்து வாசித்தேன். ஊற்றியதில் பிழை என்றால் குறை வலப்பக்கம் போயிருக்க வேண்டும். போகவில்லை, மறுபடியும் இடப்பக்கமே குறைந்தது. பிளேற்றைத் தாங்கும் தட்டு விலகியிருந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்த இரண்டு கிழமையை நினைக்க இப்போதும் மனம் கனக்கிறது.

சரி, செய்முறைக்கு வருவோம். புளோரசீன் என்ற ஒளிரும் சாயத்தை, பீஎச் 9 அளவிலுள்ள போரேற் தாங்கற்கரைசலில் (பீஎச் மாறாமல் காக்கும் கரைசல்) கரையுங்கள். வெறும் நீர் வேண்டாம். அமிலப் பக்கம் போகப் போகப் புளோரசீன் மங்கும், பிறகு மங்கியது கரைசலா கருவியா என்று குழம்புவீர்கள். கறுப்புப் பிளேற்றின் 96 குழிகளிலும் ஒரே அளவு ஊற்றி, 485 நனோமீற்றரில் தூண்டி 530 அளவில் வாசியுங்கள். பிறகு திருப்பி வைத்து இன்னொரு முறை. ஏ1 இருந்த இடத்துக்கு இப்போது எச்12 வந்திருக்கும். குறை குழியோடு நகர்ந்தால் பிழை கையில் அல்லது பிளேற்றில். நகராமல் நின்றால் கருவியில். நாலு ஓரமும் ஒரேமாதிரி வேறுபட்டால் மட்டும் இந்தத் திருப்பல் எதையும் காட்டாது. அப்போது ஊற்றியவுடனும் அரைமணி கழித்தும் வாசித்து, ஆவியாதலா என்று பாருங்கள்; எங்கள் வெக்கையில் அது சாதாரணம்.

ஒரு குழிக்குள்ளேயே பல புள்ளிகளை வாசிக்கும் வசதி இருந்தால் அதையும் விடாதீர்கள். பிரகாசம் குழியின் நடுவில் உச்சமாக இருக்க வேண்டும். குழி மையங்களுக்கு இடையே இருப்பது 9 மில்லிமீற்றர்தான், சின்ன விலகல்கூட ஒளியைச் சுவரில் முட்ட வைக்கும்.

அப்புறம் உணர்திறன். கரைசலைப் பாதி பாதியாக ஐதாக்கிக்கொண்டே போங்கள். செறிவுக்கு எதிரே அளவீட்டை வரைந்தால் வரும் கோடு மேல் முனையில் வளைந்தால், உணரியின் பெருக்கத்தை (கெயின்) குறைத்து மறுபடி வாசியுங்கள். நேராகிவிட்டால் உணரி நிரம்பியிருந்தது. அப்படியும் வளைந்தால் கரைசலே தன் ஒளியை விழுங்குகிறது, அதற்குக் கருவியைக் குறைசொல்ல முடியாது. கீழ் முனைக்கு, சாயமில்லாத குழிகள் பலவற்றை வாசித்து, சராசரியோடு நியம விலகலின் மூன்று மடங்கைக் கூட்டுங்கள். அதற்குக் கீழே வரும் எண்ணை நம்பாதீர்கள். ஒரு பிரகாசமான குழியைச் சுற்றி வெறுங்குழிகளை வைத்தால் அயலுக்கு ஒளி கசிவதும் தெரிந்துவிடும்.

புறஊதாப் பக்கம் வேலை செய்பவர்கள் புளோரசீனுக்குப் பதிலாக, புறஊதாவில் தூண்டினால் நீலமாக ஒளிரும் குயினீன் சல்பேற்றை ஐதான சல்பூரிக்கமிலத்தில் கரைத்து, 350இல் தூண்டி 450இல் வாசிக்கலாம். ஐதரோகுளோரிக்கமிலம் வேண்டாம், குளோரைட்டு அதன் ஒளிர்வை அணைத்துவிடும். உவர் நீரிலும் குளோரைட்டு இருப்பதால், கரையோரத்து உவர்க் கிணற்றுத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் இடங்களில் கடைசி அலசல் காய்ச்சி வடித்த நீரில்தான் இருக்க வேண்டும்.

சான்றிதழ் வீண் என்று சொல்லவில்லை. விளக்கு, அலைநீளத் துல்லியம் எல்லாம் அவர்கள்தான் பார்க்க வேண்டும். ஆனால் அந்தத் தாள் அவர்கள் வந்துபோன நாளுக்கு உரியது. கருவியை நகர்த்தினாலோ விளக்கு மாற்றினாலோ அன்றைக்கே இந்தச் சோதனையைச் செய்யுங்கள், யாருடைய கையையும் சந்தேகிக்க முதல்.