பி.ஓ.டி. முதல் பிபிஎம் வரை: குழப்பும் சுற்றுச்சூழல் சொற்கள் (கேள்வி பதில்)

சுற்றுச்சூழல் அறிவியலில் எந்தச் சொற்கள் குழப்புகின்றன என்று மாணவர்களிடம் கேட்டிருந்தேன். அதிகம் பேர் கேட்டவற்றுக்கு இங்கே பதில். வரையறையை வரிக்கு வரி எழுதப்போவதில்லை, அது உங்கள் புத்தகத்திலேயே இருக்கிறது. எத்தனை நாளில், எந்த வெப்பநிலையில், எதோடு ஒப்பிட்டு என்பதைப் பலர் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். மதிப்பெண் போவது அங்கேதான்.

கவின்: பி.ஓ.டி., சி.ஓ.டி. இரண்டுமே தண்ணீரில் உள்ள அழுக்கைத்தானே அளக்கின்றன? எதற்கு இரண்டு சோதனை, சார்?

சோதனை எப்படி நடக்கிறது என்று பார்த்தால் விஷயம் பிடிபடும். பி.ஓ.டி. என்பது உயிர்வேதி ஆக்ஸிஜன் தேவை, அதாவது அழுக்கைச் சிதைக்கப் பாக்டீரியாக்களுக்கு எவ்வளவு ஆக்ஸிஜன் வேண்டும் என்ற கணக்கு. 300 மில்லி கண்ணாடிப் புட்டியில் 6 மில்லி கழிவுநீரை எடுத்து, ஆக்ஸிஜன் நிறைந்த நீரால் நிரப்புகிறோம். ஒரு காற்றுக்குமிழிகூட உள்ளே தங்காமல் மூடி, 20 டிகிரி செல்சியஸில், இருட்டில், 5 நாள் வைக்கிறோம். வெளிச்சம் பட்டால் பாசி ஆக்ஸிஜனை உற்பத்தி செய்து கணக்கைக் கெடுத்துவிடும், அதனால்தான் இருட்டு. தொடக்கத்தில் கரைந்திருந்த ஆக்ஸிஜன் லிட்டருக்கு 8.6 மில்லிகிராம், 5 நாள் கழித்து 3.6 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 5. நாம் 50 மடங்கு நீர்த்திருக்கிறோம். ஆகவே பி.ஓ.டி. லிட்டருக்கு 250 மில்லிகிராம், வீட்டுச் சாக்கடை நீருக்கு இது சாதாரண அளவு.

நீர்க்காமல் வைத்தால் என்ன ஆகும்? 20 டிகிரியில் நல்ல தண்ணீரிலேயே லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன்தான் கரையும். பாக்டீரியாக்கள் அதைச் சீக்கிரமே தீர்த்துவிடும், உங்களுக்குக் கிடைப்பது பூஜ்ஜியம் என்ற பயனற்ற எண்.

சி.ஓ.டி. (வேதி ஆக்ஸிஜன் தேவை) சோதனையில் பாக்டீரியாவுக்கு வேலை இல்லை. பொட்டாசியம் டைகுரோமேட்டும் கந்தக அமிலமும் சேர்த்துச் சுமார் 150 டிகிரியில் 2 மணி நேரம் சூடாக்கினால், பாக்டீரியாவால் செரிக்க முடியாத கரிமப் பொருளும் பெரும்பாலும் ஆக்ஸிஜனேற்றம் அடைந்துவிடும். அதனால்தான் சி.ஓ.டி. வழக்கமாகப் பி.ஓ.டி.யைவிட அதிகம்.

கவின் (மறுபடியும்): 2 மணி நேரத்தில் ஒன்று தெரிந்துவிடும் என்றால், இன்னொன்றுக்கு ஏன் 5 நாள் காத்திருக்க வேண்டும்?

நல்ல கேள்வி. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் எந்த வகைச் சுத்திகரிப்பு சரிப்படும் என்று தெரியும். பி.ஓ.டி. 250, சி.ஓ.டி. 450 என்றால் பாக்டீரியாவை நம்பி விடலாம். பி.ஓ.டி. 150, சி.ஓ.டி. 1,200 என்றால் அதில் செரிக்காத பொருளோ பாக்டீரியாவையே கொல்லும் நச்சோ இருக்கிறது என்று அர்த்தம், உயிரியல் முறை மட்டும் போதாது. பி.ஓ.டி. எண்ணை மட்டும் பார்த்து ‘பரவாயில்லையே’ என்று எழுதிவிடாதீர்கள்.

மீனா: யூட்ரோஃபிகேஷனில் (நீர்நிலையில் சத்து மிகுவதில்) பாசி பெருகுகிறது. பாசி ஆக்ஸிஜன் தருமே, பிறகு மீன் ஏன் சாகிறது?

நைட்ரஜனும் பாஸ்பரஸும் அளவுக்கு மேல் சேர்ந்து பாசி மண்டும்போது, பகலில் மேல்மட்டத்தில் ஆக்ஸிஜன் கூடத்தான் செய்யும். இரவில் அதே பாசி சுவாசிக்கிறது. அப்புறம் அது செத்து அடியில் படிய, அதைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் ஆக்ஸிஜனைத் தீர்த்துவிடுகின்றன. மேலே படர்ந்த பாசி வெளிச்சத்தை மறைப்பதால் அடியில் புதிதாக ஆக்ஸிஜன் உருவாகவும் வழியில்லை. விடியற்காலையில் மீன்கள் செத்து மிதப்பதற்குக் காரணம் இதுதான். பி.ஓ.டி. புட்டிக்குள் நடந்ததேதான் இங்கே ஏரி அளவில் நடக்கிறது.

யாழினி: உயிரியக் குவிப்பும் உயிரிய உருப்பெருக்கமும் ஒன்றா, சார்?

இல்லை. ஓர் உயிரியின் உடலில் காலப்போக்கில் நச்சு சேர்வது குவிப்பு. உணவுச்சங்கிலியில் ஒவ்வொரு படி ஏறும்போதும் செறிவு கூடுவது உருப்பெருக்கம். பாடநூல்களில் வரும் டி.டி.டி. பூச்சிக்கொல்லிக் கணக்கில் தண்ணீரில் 0.003 பிபிபி (நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அலகு), மீன் தின்னும் பறவையில் 25 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அலகு). இரண்டையும் ஒரே அலகுக்கு மாற்றிப் பாருங்கள், 80 லட்சம் மடங்குக்கும் மேல் வரும்.

ஓர் எச்சரிக்கை: ‘கொழுப்பில் கரைவது மட்டுமே இப்படிப் பெருகும்’ என்று பலர் எழுதுகிறார்கள். ஜப்பானின் மினமாட்டாவில் 1956இல் வெளிச்சத்துக்கு வந்த நோய்க்குக் காரணமான மெத்தில் பாதரசம் பெரும்பாலும் புரதத்தோடுதான் ஒட்டிக்கொள்கிறது, ஆனாலும் அதுவும் இப்படிப் பெருகுகிறது.

சலீம்: ஓசோன் துளை வழியாக வெப்பம் உள்ளே வருவதால்தானே புவி சூடாகிறது?

இல்லவே இல்லை. ஓசோன் அடுக்கு தடுப்பது புற ஊதாக் கதிரை. பசுமை இல்ல வாயுக்கள் பிடித்துவைப்பது பூமி வெளிவிடும் அகச்சிவப்புக் கதிரை. குழப்பத்துக்கு ஒரு காரணம் உண்டு: சி.எஃப்.சி. (குளோரோஃபுளோரோகார்பன்) வாயுக்கள் ஓசோனையும் அழிக்கின்றன, வெப்பத்தையும் பிடித்துவைக்கின்றன. 1987 மாண்ட்ரியல் உடன்படிக்கை அவற்றைக் கட்டுப்படுத்தியது. அவற்றுக்கு மாற்றாக வந்த எச்.எஃப்.சி. (ஹைட்ரோஃபுளோரோகார்பன்) ஓசோனைத் தொடுவதில்லை, ஆனால் வெப்பத்தை நன்றாகவே பிடிக்கிறது. அதைக் குறைக்கத்தான் 2016இல் அதே உடன்படிக்கையில் கிகாலி திருத்தம் வந்தது.

பிரபா: மீத்தேன் ஒரு புத்தகத்தில் 28 மடங்கு, இன்னொன்றில் 80 மடங்குக்கு மேல் என்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி. வெப்பத்தைப் பிடிப்பதில், 100 ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 28 மடங்கு, 20 ஆண்டுக் கணக்கில் 80க்கு மேல். மீத்தேன் வளிமண்டலத்தில் சுமார் 12 ஆண்டுதான் தாங்கும், அதனால் காலத்தை நீட்டினால் எண் குறையும். ஆண்டைக் குறிப்பிடாமல் எண்ணை மட்டும் எழுதினால் அரைப் பதில்தான்.

ஜெனிஃபர்: ‘மக்கும்’ என்று போட்ட பிளாஸ்டிக்கை மண்ணில் புதைத்தால் உரமாகிவிடுமா?

பெரும்பாலும் ஆகாது. பி.எல்.ஏ. (தாவரச் சர்க்கரையிலிருந்து செய்யும் பிளாஸ்டிக்) போன்றவற்றுக்கு 55 முதல் 60 டிகிரி வெப்பமுள்ள தொழிற்சாலை உரக்கிடங்கு தேவை. சாதாரண மண்ணிலோ கடலிலோ அவை ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். எங்கே, எத்தனை நாளில் மக்கும் என்று அச்சிடாத உறையை நான் நம்புவதில்லை.

கவின்: கடைசியாக ஒன்று. பிபிஎம்மும் மில்லிகிராம்/லிட்டரும் ஒன்றுதானே?

தண்ணீரில் ஏறக்குறைய ஒன்றுதான், ஒரு லிட்டர் நீர் 10 லட்சம் மில்லிகிராம் எடை என்பதால். காற்றில் அப்படி மாற்றிவிடக் கூடாது. அங்கே பிபிஎம் கன அளவுக் கணக்கு. 25 டிகிரியில், வழக்கமான வளி அழுத்தத்தில், 1 பிபிஎம் கார்பன் டை ஆக்சைடு என்பது கன மீட்டருக்கு 1.8 மில்லிகிராம். வாயு மாறினால் இந்த எண்ணும் மாறும், மூலக்கூறு எடையை 24.45ஆல் வகுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.