பாப்பா சுற்றுச்சூழல் அறிவியல்தான் படிப்பேன் என்கிறாள்

வணக்கம் அம்மா. சென்னிமலையிலிருந்து நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். நீட் எழுதியும் சீட் வரவில்லை. இப்போது பி.எஸ்ஸி. சுற்றுச்சூழல் அறிவியல்தான் வேண்டும் என்று மகள் நிற்கிறாள். "மரம் நடறதுக்கு எதுக்குங்க மூணு வருசம்?" என்று அவள் அப்பா கேட்கிறார். நடுவில் நீங்கள்.

அப்பாவின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் பல வீடுகளில் இதே கேள்விதான். பி.காம். படித்தாலும் சரி, பி.ஏ. வரலாறு படித்தாலும் சரி, எல்லாரும் ஒரு பருவம் 'சுற்றுச்சூழல் கல்வி' என்ற தாளை எழுதியிருப்பார்கள். 1991-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பையொட்டிக் கட்டாயமான தாள் அது. அதைப் பார்த்துவிட்டு முழுப் பட்டமும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறோம். இது வேறு படிப்பு. பாதிக்கு மேல் வேதியியலும் உயிரியலும். மீதியில் புவியியல், புள்ளியியல், சட்டம், வரைபட மென்பொருள் எல்லாம் வரும்.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்காகக் கட்டியது. நொய்யலில் வந்த சாயக்கழிவு அதில் தேங்கி, கீழே இருந்த விவசாயிகளின் கிணறுகள் கெட்டன. வழக்கு நடந்து, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது என்ற கட்டுப்பாட்டோடுதான் பிறகு பட்டறைகள் ஓடின. இன்று ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குள் போய்ப் பார்த்தால், நுண்ணுயிர்த் தொட்டி, ஆர்.ஓ., ஆவியாக்கி என்று வரிசையாக ஓடும். கடைசியில் உப்பைப் பிரித்தெடுத்துச் சாயம் போடவே திருப்பித் தருவார்கள். அங்கே தண்ணீரைத் தினமும் சோதிக்க, அளவு ஏறினால் காரணம் கண்டுபிடிக்க, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குக் கணக்குக் காட்ட ஆள் வேண்டும். உங்கள் மகள் படிக்க ஆசைப்படுவது இந்த வேலையைத்தான். அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

வேலை திருப்பூரோடு முடிவதில்லை. பெரிய தொழிற்சாலையோ சுரங்கமோ துறைமுகமோ தொடங்க வேண்டுமானால் மத்திய அரசின் 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்தாக வேண்டும். அதற்கு அங்கீகாரம் பெற்ற ஆலோசனை நிறுவனங்களில் காற்று, தண்ணீர், பல்லுயிர் என்று துறைவாரியாக நிபுணர்கள் இருக்கிறார்கள். சோதனைக் கூடங்கள் தனி. 2022-23 முதல் பங்குச்சந்தையின் முதல் 1000 நிறுவனங்கள் தங்கள் சுற்றுச்சூழல் கணக்கையும் அறிக்கையாகத் தர வேண்டும் என்று பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பு கட்டாயமாக்கியது. அதனால் அலுவலகத்தில் உட்கார்ந்து செய்யும் வேலைகளும் வந்துவிட்டன.

சரி, இனி கசப்பான பகுதி. இதை மறைத்தால் நான் ஆலோசகனே இல்லை.

இந்தப் பட்டத்தின் பெயர் எல்லா அரசு அறிவிக்கைகளிலும் இருக்காது. இந்திய வனப்பணித் தேர்வுக்குக் கால்நடை அறிவியல், தாவரவியல், வேதியியல், புவியமைப்பியல், கணிதம், இயற்பியல், புள்ளியியல், விலங்கியல் இவற்றில் ஒன்றையாவது பாடமாகப் படித்திருக்க வேண்டும், இல்லையென்றால் வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டம் வேண்டும். அந்தப் பட்டியலில் சுற்றுச்சூழல் அறிவியல் இல்லை. எத்தனையோ பிள்ளைகள் மூன்று வருடம் வனப்பணிக் கனவோடு படித்துவிட்டு, விண்ணப்பம் போடும் நாளில்தான் இதைப் பார்க்கிறார்கள். என்னிடம் அழுதவர்களும் உண்டு. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் உதவிப் பொறியாளர் பதவிக்குப் பொறியியல் பட்டம் வேண்டும், சுற்றுச்சூழல் விஞ்ஞானி பதவிக்கு எம்.எஸ்ஸி. வேண்டும். எதுவும் கிடைக்காவிட்டால் பி.எட். படித்து டீச்சராகலாம் என்று நீங்கள் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். பள்ளிகளில் வேதியியல் ஆசிரியர் உண்டு, விலங்கியல் ஆசிரியர் உண்டு, சுற்றுச்சூழல் அறிவியலுக்கு அப்படித் தனிப் பணியிடம் கிடையாது. இந்தப் பட்டம் அந்தப் பாடப் பட்டத்துக்குச் சமம் என்று சொல்லும் இணைத்தன்மை அரசாணை தேடி அலைய வேண்டியிருக்கும். அந்த வழியை நம்பிச் சேர்க்காதீர்கள்.

ஆகவே இதை மூன்று வருடப் படிப்பாக நினைக்காமல் எம்.எஸ்ஸி.யையும் சேர்த்து ஐந்து வருடப் படிப்பாகக் கணக்குப் போடுங்கள். செலவையும் அப்படியே.

என் கருத்தைக் கேட்டீர்கள். அரசுக் கலைக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்ஸி. வேதியியல் கிடைத்தால், முதலில் அதை எடுத்து, எம்.எஸ்ஸி.யில் சுற்றுச்சூழல் அறிவியலுக்குப் போவதுதான் பாதுகாப்பான வழி. பாரதியார் பல்கலைக்கழகத்தில் அந்தத் துறை இருக்கிறது, கோவை உங்களுக்குத் தூரமில்லை. வனப்பணி, பி.எட்., வாரிய வேலை, தனியார் சோதனைக் கூடம் என்று நான்கு கதவும் திறந்தே இருக்கும். காடும் விலங்கும்தான் அவள் மனசு என்றால் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியின் வனவியல் பட்டத்தைப் பாருங்கள், அது நான்கு வருடம். இல்லை, இந்தப் பட்டமேதான் வேண்டும் என்று அவள் உறுதியாக இருந்தால் தடுக்காதீர்கள். விருப்பமில்லாத வேதியியலில் அரியர் வைப்பதைவிட விருப்பமான பாடத்தில் முதலிடம் வாங்குவது மேல். ஆனால் வேதியியலைத் துணைப்பாடமாக வைத்திருக்கும் கல்லூரியாகப் பார்த்துச் சேருங்கள். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இலவசம், முதல் வருட விடுமுறையிலேயே பழகச் சொல்லுங்கள். மேற்படிப்புக்கான தேசிய நுழைவுத் தேர்வான கேட் தேர்வில் 2021 முதல் சுற்றுச்சூழலுக்குத் தனித் தாள் உண்டு, மூன்றாம் வருடத்திலேயே எழுதலாம்.

"பெண்பிள்ளை வெயிலில் அலைய வேண்டுமா?" என்றும் கேட்டிருந்தீர்கள். சில வேலைகளில் ஆம். காற்றுச் சோதனைக்கு 24 மணி நேரம் கருவி ஓடும், புகைபோக்கியில் மாதிரி எடுக்க ஏணியில் ஏற வேண்டும். பெண்கள் இதையெல்லாம் செய்கிறார்கள். வேண்டாம் என்றால் கூடத்துக்குள் இருக்கும் வேலையும் அறிக்கை எழுதும் வேலையும் உண்டு. அதை அவள் முடிவு செய்யட்டும். தொடக்கச் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும். கை பழகிய பிறகுதான் ஏறும்.

கை பழகுவது என்றேனே, அதில்தான் எல்லாம். என்னிடம் வந்த ஒரு மாணவி நல்ல மதிப்பெண்ணோடு பட்டம் முடித்திருந்தாள். நேர்முகத் தேர்வில், "சி.ஓ.டி. சோதனையை எத்தனை தடவை செய்திருக்கிறாய்?" என்று கேட்டார்கள். கழிவுநீர் எவ்வளவு மாசுபட்டிருக்கிறது என்று வேதிப்பொருள் வைத்து அளக்கும் சோதனை அது. ஒரு தடவை சார் செய்து காட்டியதைப் பார்த்தேன் என்றாள். அந்த வேலை கிடைக்கவில்லை. குற்றம் அவளுடையதல்ல, அவள் படித்த இடத்தில் கூடம் பெயருக்குத்தான் இருந்தது.

அதனால் பணம் கட்டும் முன் கல்லூரிக்கு நேரில் போங்கள். துறையின் சோதனைக் கூடத்தைக் காட்டச் சொல்லுங்கள். தண்ணீரில் உள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜன் எடுக்கின்றன என்று அளக்கும் பி.ஓ.டி. சோதனைக்கு மாதிரியை 27 டிகிரியில் 3 நாள் வைத்திருக்க வேண்டும், அதற்கான இன்குபேட்டர் ஓடிக்கொண்டிருக்கிறதா, தூசி படிந்து கிடக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். போன வருடம் முடித்தவர்கள் எங்கே சேர்ந்தார்கள், இன்டர்ன்ஷிப்புக்கு எந்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்புகிறீர்கள் என்று கேளுங்கள். பாப்பாவையும் அவள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். கேள்விகளை அவளே கேட்கட்டும். என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள், அதை வைத்து அடுத்து பேசுவோம்.