காலை 11.40க்கு டேட்டாபேஸ் நின்றது ஏன்?

கேள்வி: எங்கள் பனியன் கம்பெனியின் பில்லிங் உபுண்டு 22.04 சர்வரில் ஓடுகிறது. போன சனிக்கிழமை காலை 11.40க்கு மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் தானாக நின்று மறுபடி ஓடத் தொடங்கியது. பாதியில் இருந்த 3 பில்கள் பதிவாகவில்லை. நானே அப்கிரேடு செய்யும்போதும், எந்த சர்வீஸை எல்லாம் ரீஸ்டார்ட் செய்யலாம் என்று ஊதா நிறத் திரை வந்து கேட்கிறது. பயந்து கேன்சல் கொடுத்துவிடுகிறேன். தானியங்கி அப்டேட்டையே நிறுத்திவிடலாமா?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: நிறுத்தாதீர்கள் அம்மா. முதலில் சர்வரின் கடிகாரத்தைப் பாருங்கள். அது யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும் என்று நினைக்கிறேன். உபுண்டுவின் தானியங்கி அப்டேட் காலை 6 மணிக்கும் 7 மணிக்கும் நடுவே ஓடும். யூடிசியில் 6 மணி என்றால் நமக்கு 11.30! ஆப்ட் ஹிஸ்டரி லாகை, அதாவது எந்த பேக்கேஜ் எப்போது மாறியது என்ற பதிவேட்டைத் திறந்து, அந்த நேரத்தில் மைஎஸ்க்யூஎல் பேக்கேஜ் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால் அதன் இன்ஸ்டால் ஸ்கிரிப்டே சர்வீஸை நிறுத்தி மறுபடி ஓட்டியிருக்கும், யாரையும் கேட்காது.

இதற்காகக் கடிகாரத்தை இந்திய நேரத்துக்கு மாற்ற வேண்டாம். பில்லில் விழும் நேரமும் சேர்ந்து மாறக்கூடும். தானியங்கி அப்டேட்டை ஓட்டும் ஆப்ட் டெய்லி அப்கிரேட் என்ற டைமரை மட்டும் 20.30க்கு நகர்த்துங்கள், நமக்கு அது இரவு 2 மணி. அந்த டைமரில் நேரத்தைச் சொல்லும் ஆன்காலண்டர் வரியை முதலில் காலியாக ஒருமுறை எழுதி, அடுத்த வரியில் புது நேரத்தை எழுத வேண்டும். இல்லையென்றால் பழைய நேரத்திலும் ஓடும்.

சரி, அந்த ஊதாத் திரை. எனக்குக் கவலை தருவது அதுதான். இணைப்புகளை ரகசியமாக்கும் ஓப்பன் எஸ்எஸ்எல் என்ற லைப்ரரியில் (பல புரோகிராம்கள் பகிர்ந்துகொள்ளும் நிரல் தொகுப்பு) ஹார்ட்ப்ளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானது 2014 ஏப்ரல் 7. மறுநாள் காலையே நான் பார்த்துக்கொண்டிருந்த டெபியன் (உபுண்டுவுக்கு அடிப்படையான லினக்ஸ்) சர்வரில் ஓப்பன் எஸ்எஸ்எல்லை அப்கிரேடு செய்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். இரவு சோதித்தால் ஓட்டை அப்படியே இருந்தது. டிஸ்கில் புது லைப்ரரி வந்துவிட்டது. ஆனால் அப்பாச்சி என்ற வெப் சர்வர் முன்பே ஓடத் தொடங்கியிருந்ததால், பழைய லைப்ரரியை மெமரியில் பிடித்துக்கொண்டே இருந்தது. இதற்காகவே டெபியன்காரர்கள் 8ஆம் தேதி இன்னொரு அறிவிப்பு விட்டு, சர்வீஸ்களை ரீஸ்டார்ட் செய்யச் சொல்லும் திருத்தத்தைத் தந்தார்கள். நீங்கள் கேன்சல் கொடுக்கும்போது அன்றைய என் நிலையில்தான் இருக்கிறீர்கள்.

அதனால் பில் போடாத நேரத்தில் அப்கிரேடு செய்து, திரையில் டிக் போட்டு வருபவற்றை ஏற்றுக்கொள்ளுங்கள். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் பட்டியலில் இருந்தாலும் பயம் வேண்டாம், நீங்கள் உள்ளே இருக்கும் இணைப்பு அறுந்துபோகாது. என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் இருந்தால் அதற்கு ரீலோட் மட்டும் போதாது. அதன் தாய் ப்ராசஸ் சாகாமல் தொடர்வதால் பழைய லைப்ரரியும் கூடவே தொடரும். கான்ஃபிக் சரியா என்று சோதித்துவிட்டு முழு ரீஸ்டார்ட் கொடுங்கள்.

சிஸ்டத்தின் மையப் பகுதியான கர்னல் மாறியிருந்தால் இது எதுவும் உதவாது, ரீபூட்தான் செய்ய வேண்டும். லாகின் செய்யும்போதே அதைத் திரையில் சொல்லும். ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள், பில் போடுகிறவர்களிடம் முந்தின நாளே சொல்லிவிட்டு.