‘உங்கள் நலனுக்காக’ என்று வாங்கிய தகவல் அப்ரைசலுக்கு வந்தது எப்படி?

கேள்வி: சென்னையில் ஓர் ஐடி நிறுவனத்தில் நான்கு வருடமாக சப்போர்ட் வேலையில் இருக்கிறேன். போன வருடம் ‘ஊழியர் நலன்’ என்று ஒரு ஆப் கொடுத்தார்கள். வாராவாரம் தூக்கம், மனநிலை பற்றியெல்லாம் கேட்கும். உதவத்தானே கேட்கிறார்கள் என்று நம்பி, மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுவதையும் எழுதிவிட்டேன். இப்போது அப்ரைசலில் மேனேஜர் லேப்டாப்பைத் திருப்பி அந்த ஆப்பில் என் மதிப்பெண் சரிந்த கிராஃபைக் காட்டி, “உங்களால பிரஷர் தாங்க முடியாது போல” என்கிறார். ஹெச்.ஆரில் ராஜினாமா கடிதத்தை அவர்களே டைப் செய்து வைத்துக்கொண்டு கையெழுத்துக் கேட்கிறார்கள். என்ன செய்வது மேடம்?

பதில்: அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம். நீங்களாக விலகியதாக ஒரு காகிதம் உருவாகிவிட்டால், கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, பிரிவு 41 உங்களுக்குப் பெரிய துணை. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணம் இல்லாமல், ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ தராமல் நீக்க முடியாது. நீக்கினால் தொழிலாளர் துறையில் மேல்முறையீடு செய்யலாம். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது, உங்கள் வேலை அப்படி இல்லை என்றே தெரிகிறது.

சரி, தகவல் விஷயத்துக்கு வருவோம். ஆப்பில் டிக் அடித்து ‘சம்மதம்’ கொடுத்துவிட்டேனே என்று பயப்படுவீர்கள். கொடுத்தீர்கள், ஆனால் எதற்குக் கொடுத்தீர்கள் என்பதுதான் கேள்வி. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் 2011இல் வந்த விதிகளில் மனநலத் தகவலும் முக்கியத் தனிநபர் தகவல் பட்டியலில் இருக்கிறது. எந்த நோக்கத்துக்காக வாங்கினார்களோ அதற்குத்தான் பயன்படுத்த வேண்டும் என்று விதி 5 சொல்கிறது. நலனுக்காக என்று வாங்கியதை வேலையை விட்டு அனுப்பக் காரணமாகக் காட்டினால் நோக்கமே மாறிவிடுகிறது. அதனால் டிக் அடிக்கும்போது திரையில் என்ன எழுதியிருந்தது என்பது உங்களுக்குப் பொன் போன்றது. இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சொந்த மெயிலுக்கு அனுப்புங்கள். கம்பெனியின் மற்ற ஃபைல்களைத் தொடாதீர்கள், அதையே உங்கள் மேல் குற்றச்சாட்டாக்கிவிடுவார்கள்.

அதே விதிப்படி நிறுவனம் ஒரு குறைதீர் அலுவலரை நியமித்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் இணையதளத்தில் போட்டிருக்க வேண்டும். அவருக்கு மெயில் எழுதி, என் மனநலத் தகவலை யார் யார் பார்த்தார்கள், எந்த நோக்கத்துக்காக மேனேஜருக்குப் போனது என்று கேளுங்கள், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவதாகவும் எழுத்தில் சொல்லுங்கள். ஒரு மாதத்துக்குள் அவர் தீர்வு தர வேண்டும். கம்பெனி ஏற்பாடு செய்த கவுன்சிலரிடம் சிகிச்சைக்காகப் பேசியது வெளியே போயிருந்தால் அது தனி விவகாரம், மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 23 ரகசியம் காக்கும் கடமையைச் சிகிச்சை தருபவர்கள் மேல் வைக்கிறது.

2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே அமலாகும். அதிலும், ‘வேலைவாய்ப்பு சார்ந்த நோக்கம்’ என்றால் சம்மதமே இல்லாமல் தகவலைக் கையாள முதலாளிக்கு ஒரு வழி விட்டிருக்கிறார்கள், எனக்கு அது உறுத்தலாகவே இருக்கிறது. ஆனாலும் ஒருவரைப் பாதிக்கும் முடிவுக்குப் பயன்படும் தகவல் முழுமையாகவும் சரியாகவும் இருக்க வேண்டும் என்று பிரிவு 8 சொல்கிறது. தூக்கத்துக்குப் போட்ட மதிப்பெண் எப்படி வேலைத்திறனுக்கு அளவாகும்? உங்கள் டீமில் பாதிப் பேருக்குத் தூக்கம் கெட்டிருந்தால், பெயர்களை எடுத்துவிட்டு அந்தக் கணக்கைப் பார்த்து நைட் ஷிஃப்ட் ரோஸ்டரை மாற்றியிருக்கலாமே, அதற்குத்தானே அந்த ஆப்!

இன்று இரவே உட்கார்ந்து, அப்ரைசல் அறையில் யார் இருந்தார்கள், என்ன சொன்னார்கள், எத்தனை மணி என்று நினைவில் இருக்கும் வார்த்தைகளிலேயே எழுதித் தேதி போட்டு உங்களுக்கே ஒரு மெயில் அனுப்பிக்கொள்ளுங்கள். ஹெச்.ஆர். மறுபடி கூப்பிட்டால், “எதுவானாலும் மெயிலில் அனுப்புங்கள், படித்துவிட்டுப் பதில் தருகிறேன்” என்று சொன்னால் போதும். மாத்திரையை மட்டும் இந்தப் பதற்றத்தில் நிறுத்திவிடாதீர்கள்.