பட்டாளத்துக்காரர்கள் இருக்க ரிசர்வ் எதற்கு? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மார்த்தாண்டம் பக்கம் தெருவுக்கு நாலு பட்டாளத்துக்காரர்கள் உண்டு. என் பெரியப்பாவும் பீரங்கிப் படையில் ஹவில்தாராக இருந்து வந்தவர்தான். போர் வந்தால் இவர்களைக் கூப்பிட்டால் போதாதா? பிராந்திய ராணுவம் (டெரிடோரியல் ஆர்மி) என்று தனியாக ஒரு ரிசர்வ் எதற்கு? அதில் சேர்ந்தால் பார்க்கிற வேலை போய்விடுமா?

வாசகர், மார்த்தாண்டம்

அன்புள்ள நண்பருக்கு,

பெரியப்பாவைக் கூப்பிட்டு எந்தப் பீரங்கியில் நிறுத்துவது? அவர் சுட்டது 105 மில்லிமீட்டர் குண்டு போடும் பீரங்கி என்றால், ரெஜிமெண்டுகள் 155-க்கு மாறிக்கொண்டிருக்கின்றன. ரேடியோ செட்டும் குறிபார்க்கும் கருவியும் வேறு. சர்க்கரையும் மூட்டுத் தேய்மானமும் இருந்தால் மருத்துவப் பரிசோதனையைத் தாண்டமாட்டார்.

ரிசர்வ், அதாவது தேவைப்படும்போது கூப்பிட வைத்திருக்கும் ஆட்களின் பட்டியலில், ஒருவர் பெயருக்கு நேரே எந்த யூனிட், என்ன வேலை, எத்தனை மணி நேரத்தில் எங்கே வந்து சேர வேண்டும், அவருடைய துப்பாக்கியும் பூட்ஸும் எந்த ஸ்டோரில் என்று எழுதியிருக்க வேண்டும். சறுக்குவது பெரும்பாலும் கடைசி விஷயத்தில்தான். 2022 செப்டம்பரில் ரஷ்யா 3 லட்சம் பேரைத் திரட்டியபோது நோயாளிகளுக்கும் ஆணை போயிற்று. பலர் தூங்கும் பையையும் மருந்தையும் சொந்தக் காசில் வாங்கினார்கள்.

பிராந்திய ராணுவத்தில் யூனிட் எப்போதும் இருக்கிறது. வேறு வேலை பார்க்கும் ஆட்கள் வருஷத்துக்கு சுமார் 2 மாதம் வந்து பழகிவிட்டுப் போகிறார்கள். கோவையில் இருக்கும் 110-வது பட்டாலியன் அப்படிப்பட்டது. பாலம், எண்ணெய்க் கிடங்கு, சப்ளை பாதை ஆகியவற்றை இவர்கள் காத்தால், அந்தக் காவலில் முடங்கும் ரெகுலர் பட்டாலியனை எல்லைக்கு அனுப்பலாம். மத்திய அரசின் 2025 மே மாத உத்தரவு, பிராந்திய ராணுவத்தின் 32 காலாட்படை பட்டாலியன்களில் 14-ஐப் பணிக்கு அழைக்க வழி செய்தது. பட்ஜெட்டில் பணம் இருந்தால் மட்டுமே அழைக்கலாம் என்றும் அதில் ஒரு வரி உண்டு. செய்தித்தாள்கள் அதை அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான்.

இன்னொரு சிக்கல், ஒரே ஆளை இரண்டு கணக்கில் எழுதுவது. ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி பார்க்கும் டாக்டரையே ராணுவ மருத்துவமனைக் கணக்கிலும் சேர்த்தால், காயம்பட்டவர்கள் வந்து குவியும் நாளில் ஏதோ ஓரிடத்தில் டாக்டர் இருக்கமாட்டார். ரயில்வே, எண்ணெய் நிறுவன ஊழியர்களுக்குத் தனிப் பிரிவுகள் வைத்திருப்பது இதைக் கொஞ்சம் சமாளிக்கிறது: போரிலும் அவர்கள் அதே வேலையைத்தான், சீருடையில் பார்ப்பார்கள்.

வேலை போகாது. பணி முடிந்து திரும்பும் ஆளை, முன்பிருந்ததற்குக் குறையாத நிபந்தனைகளில் முதலாளி திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது 1948-ம் ஆண்டுப் பிராந்திய ராணுவச் சட்டம். அரசு வேலையில் இது பெரும்பாலும் நடக்கும். ஐந்து பேரை வைத்துக் கடை நடத்துகிறவர் ஒருவரை இரண்டு மாதம் விடுவது கஷ்டம். சேரும் முன்பே அவரிடம் பேசிவிடுங்கள்.